முயலுக்கு ஏழாண்டு தீவாந்தரம்



பசிக்குத் திருடியவனைச் சட்டம் திருடன் என்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அந்தச் சட்டத்தைச் செய்தவர் யார், தீர்ப்புச் சொன்னவர் யார் என்று நாம் பார்ப்போம்.

முதலில் ரொட்டி. 1815-ல் நெப்போலியனுடன் நடந்த யுத்தம் முடிந்தது. அந்நியக் கோதுமை மலிவாக வந்து குவியுமே என்று நிலப்பிரபுக்கள் நடுங்கினார்கள். பார்லிமெண்டில் உட்கார்ந்திருந்தவர்களும் அவர்கள்தானே! உள்நாட்டுக் கோதுமை குவார்ட்டருக்கு 80 ஷில்லிங் ஏறும்வரை வெளிக் கோதுமை விற்கக் கூடாது என்று அந்த ஆண்டே சட்டம் செய்தார்கள். திருத்தங்களோடு தானியச் சட்டம் 1846 வரை நீடித்தது.

கூலியோ? டார்செட் பகுதியில் டால்பட்டில் என்றொரு கிராமம். 1830-களின் தொடக்கத்தில் அங்கே விவசாயத் தொழிலாளியின் வாரக் கூலி 9 ஷில்லிங். அது 8 ஆயிற்று, 7 ஆயிற்று. 6 ஆக்குவோம் என்றும் மிரட்டினார்கள்.

வேலிக்கு அப்பால் முயல் ஓடுகிறது. ஆனால் அது பிரபுவின் பொழுதுபோக்குக்கு! ஆண்டுக்கு 100 பவுன் வருமானம் தரும் நிலம் இல்லாதவன் வேட்டையாடக் கூடாது என்ற 1671-ம் ஆண்டுச் சட்டம் 1831 வரை அமுலில் இருந்தது. போதாதென்று 1816-ல் இன்னொன்று: இரவில் வேட்டை நிலத்தில் வலையோடு பிடிபட்டாலே ஏழாண்டு தீவாந்தரம் விதிக்கலாம். வலையில் முயல் இருக்க வேண்டுமென்பதுகூட இல்லை! தீவாந்தரம் என்றால் ஆஸ்திரேலியா. போனவர்களில் பலர் பெண்டு பிள்ளைகளைத் திரும்பப் பார்க்கவே இல்லை.

சரி, முயல் வேண்டாம். வயலில் ஒரு டர்னிப் கிழங்கைப் பிடுங்கினால்? 1827-ம் ஆண்டுச் சட்டப்படி ஒரு மாதம்வரை கடுங்காவல், அல்லது 20 ஷில்லிங்வரை அபராதம். ஏறக்குறைய மூன்று வாரக் கூலி! கட்ட வழியில்லாதவன் சிறைக்குத்தான் போனான்.

கிழங்கு வழக்குக்கு ஜூரி கிடையாது. விசாரிப்பவர் 'சமாதான நீதிபதி'. பெயர் அழகாகத்தான் இருக்கிறது! சம்பளம் இல்லை, ஆகையால் வசதி உள்ளவருக்கே அந்த ஆசனம். ஜில்லாக்களில் அவருக்கும் நிலத்திலிருந்து ஆண்டுக்கு 100 பவுன் வருமானம் இருக்க வேண்டும். ஆகவே வந்தவர் நிலப்பிரபு, இல்லையேல் பாதிரியார். பல ஊர்களில் அவர் வீட்டுக் கூடமே நீதிமன்றம். இப்படிப்பட்ட விசாரணை பகிரங்கமாக நடக்க வேண்டும் என்று 1848-ல்தான் சட்டம் வந்தது.

1855-ல் ஒரு மாறுதல். 5 ஷில்லிங்குக்கு உட்பட்ட திருட்டை, குற்றம் சாட்டப்பட்டவர் 'சம்மதித்தால்', ஜூரியின்றியே விசாரித்து மூன்று மாதம்வரை தண்டிக்கலாம். இதில் ஒரு நன்மையும் உண்டு என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை: விசாரணை நாள் வருமுன்பே வாரக்கணக்கில் சிறையில் கிடப்பது குறைந்தது. ஆனால் மறுத்தால் அந்தக் காத்திருப்புத்தான் என்று தெரிந்தவனுக்குச் சம்மதத்தைத் தவிர வேறு வழி ஏது?

நீதிபதி ஆசனத்துக்குச் சொத்து வேண்டும் என்ற நிபந்தனை 1906-ல்தான் எடுக்கப்பட்டது.