ஆட்டுப்பாலும் அதற்கு மாற்றும்



பசும்பாலும் எருமைப்பாலும் ஒவ்வாவென்று விலக்கிய நம்மவர் பலர், வெள்ளாட்டுப் பாலை மாத்திரம் எளிதிற் செரிப்பதென்றும் குற்றமற்றதென்றும் கொண்டு பருகி வருகின்றனர். காந்தியடிகள் அருந்தியதையே சான்றாகவும் கூறுவர். அவரோ 1912-இல் பாலையே துறந்தவர். 1918-இல் கண்ட கடும் நோய்க்குப் பின்னர், கஸ்தூரிபாய் அம்மையாரின் சொற்படி, விரதத்தின் சொல்லைக் காத்துப் பொருளை நெகிழ்த்தவராய் ஆட்டுப்பாலை ஏற்று, அதன்பொருட்டு வருந்தியும் எழுதினார். அவரைச் சாட்சிக்கு அழைப்போர் அவ்வருத்தத்தையும் உடனழைத்தல் முறையாம்.

மத்தியதரைக் கடலிலுள்ள மால்டாத் தீவில் நிகழ்ந்ததைச் சற்றே கவனிப்போம். ஆங்குப் பால்காரர் ஆடுகளை வீட்டு வாயிலுக்கே ஓட்டிவந்து கறந்து கொடுப்பது வழக்கமாயிருந்தது. தீவிற் காவலிருந்த பிரிட்டிஷ் சிப்பாய்களும் மாலுமிகளும் விட்டுவிட்டு வரும் காய்ச்சலாலும் மூட்டு நோவாலும் மாதக்கணக்கில் வருந்தினர். அந்நோயின் கிருமியை 1887-இல் டேவிட் புரூஸ் என்பார் பிரித்தறிந்தார். ஆயினும் அஃது எவ்வழியே உடம்பிற் புகுந்ததென்பது மேலும் பதினெட்டாண்டு விளங்கவில்லை. 1905-இல் அத்தீவின் வைத்தியராகிய தெமிஸ்டோகிளிஸ் சம்மித், நோய்க்குறி சிறிதுமின்றிக் கொழுமையாய் நின்ற ஆடுகளின் உதிரத்தைச் சோதித்து, அவை கிருமியைச் சுமந்து நின்றமையைக் கண்டார். அவற்றின் பாலே வழியென்பதும் தெளிவாயிற்று. 1906-இல் படைகளுக்கு ஆட்டுப்பால் நிறுத்தப்படவே, காய்ச்சலும் அவர்களிடையே பெரிதும் தணிந்தது. நன்கு காய்ச்சினால் அக்கிருமி மடியும் என்பது உண்மையே. ஆனால் கறந்த சூட்டோடு பச்சையாய்க் குடிப்பதே மருந்தென்பார் நம் வீடுகளில் இன்னும் உளர்.

காய்ச்சியும் தீராத குறை வேறுண்டு. இரத்தம் ஊறுதற்கு வேண்டிய ஃபோலேட் என்னும் சத்து ஆட்டுப்பாலில் மிகச் சொற்பம். அதனையே முழு ஆகாரமாகப் பெற்ற சிசுக்கள் சோகையால் வெளுத்தமையை ஜெர்மானிய வைத்தியர்கள் 1920-களிலேயே எழுதியுள்ளனர். பசும்பாலால் தடிப்பும் இரைப்பும் காணும் குழந்தைக்கு ஆட்டுப்பாலை மாற்றாகக் கொடுப்பதோ அபாயம். இரண்டின் புரதங்களும் ஒத்தனவாதலின், அத்தகையோருட் பெரும்பாலோர்க்கு இதுவும் ஒவ்வாது. ஓராண்டு நிரம்பாத சிசுவுக்குத் தாய்ப்பாலே உரியது. அஃதில்லாவிடத்து வைத்தியர் குறிக்கும் மாவுப்பால். தாவரப் பாலையும் அவ்வயதிற்கு நாம் சிபாரிசு செய்யோம்.

ஆடு பால் சுரப்பது தன் குட்டிக்காக. பாலுக்கு உதவாத கிடாக்குட்டி பெரும்பாலும் கசாப்புக் கடைக்கே போகின்றது. கொல்லாமையைக் குலாசாரமென மேடைதோறும் முழங்கும் நாம் இதனை எண்ணாதிருப்பது வியப்பே.

இனி மாற்று யாதெனின், கேழ்வரகு மாவு 100 கிராமில் சுண்ணாம்புச் சத்து சுமார் 340 மில்லிகிராம்; அதே எடை ஆட்டுப்பாலில் சுமார் 130. சோயாப்பால் புரதத்திற் பசும்பாலுக்கு ஏறக்குறைய நிகராம். தேங்காய்ப்பால் ருசிக்கேயன்றிப் புரதத்திற்கு அன்று. பாலை முற்றும் விடுவோர் பி12 என்னும் வைட்டமினை மாத்திரையாகவேனும் கொள்ளல் வேண்டும். தாவர உணவில் அஃதில்லை. நிலக்கடலையை இரவு ஊறவைத்து, தோல் நீக்கி, அரைத்து வடித்துக் காய்ச்சினால் நல்ல பால் கிடைக்கும். பூஞ்சை பிடித்த பருப்பை மட்டும் தயங்காமல் எறிந்துவிடுக.