கடலில் யாருடைய சட்டம்?



2012 பிப்ரவரி 15. கேரளக் கரையிலிருந்து 20.5 கடல் மைல் தூரத்தில், 'செயின்ட் ஆன்டணி' விசைப்படகின் மேல் இத்தாலியக் கப்பல் 'என்ரிக்கா லெக்ஸி'யிலிருந்து குண்டு பாய்ந்தது. இரண்டு மீனவர்கள் மாண்டார்கள். ஒருவர் கொல்லத்துக்காரர், மற்றவர் நம் குமரி மாவட்டத்துப் பிள்ளை. கடற்கொள்ளையர் என்று நினைத்தார்களாம்!

கப்பலில் வந்த இரண்டு இத்தாலியக் கடற்படை வீரர்களைக் கேரளப் போலீஸ் கைது செய்தது. உங்கள் எல்லை 12 மைல்தானே என்றது இத்தாலி. பெருங்கடலில் கப்பல் அதன் கொடி நாட்டுக்குத்தான் கட்டுப்பட்டது. கடற்கொள்ளை, அடிமை வியாபாரம் போன்ற சிலவற்றுக்கே அந்நியர் ஏறிச் சோதிக்கலாம். அது சரி. ஆனால் செத்தவர்கள் நின்ற படகு யாருடையது? 2013 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், கேரளத்துக்கு அதிகாரமில்லை, மத்திய அரசுக்கு உண்டு என்றது.

2020இல் சர்வதேச நடுவர் மன்றமும் இரு நாடுகளுக்கும் அதிகாரம் உண்டு என்றே சொன்னது. ஆனால் வீரர்கள் அரசாங்கக் கடமையில் இருந்தவர்களாம். இந்தியா விசாரிக்கக் கூடாது, நஷ்டஈடு வாங்கிக்கொள்ளலாம். உடுப்பு காப்பாற்றிவிட்டது!

2021இல் பத்துக் கோடி ரூபாய் வந்தது: குடும்பத்துக்கு நான்கு கோடி வீதம், படகுக்காரருக்கு இரண்டு கோடி. பணம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. இத்தாலியில் விசாரிப்பார்கள் என்றார்கள். 2022 ஜனவரியில் ரோமிலும் வழக்கை மூடிவிட்டார்கள்.