முதற் பேறு சத்திரசிகிச்சையாயின்...
(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பிள்ளைப்பேறு பற்றி இளைஞர் சபையிற் பேசுவதா எனச் சிலர் எண்ணலாம். இன்றைய இளைஞரே நாளைய தந்தையர். வைத்தியசாலை வாயிலில் ஒன்றும் அறியாது தவிப்பதிலும் இங்கே அறிந்துகொள்வது நன்றன்றோ?

எமது உறவினள் ஒருத்தியின் முதற் குழந்தை தலை மேலாகக் கிடந்தமையால், சிசேரியன் சத்திரசிகிச்சையாற் பிறந்தது. அவள் மீண்டும் கருவுற்றபோது, "ஒருமுறை வெட்டினால் என்றும் வெட்டுத்தான்" என்று வீட்டார் நாம் தீர்ப்புச் சொல்லிவிட்டோம். அவளை நாம் கேட்கவில்லை. கேட்டவர் வைத்தியரே. "பிள்ளை, உமது விருப்பம் என்ன?" என்றார்.

நாம் சொன்ன அத்தீர்ப்பு 1916-இல் நியூயோர்க் வைத்தியர் எட்வின் கிறேகின் கூறிய கருத்து. அக்காலத்திற் கருப்பையின் மேற்பகுதியை நெடுக்காகக் கீறினர். அத்தழும்பு அடுத்த பிரசவ நோவிற் பிளந்துவிடும் என்ற அச்சம் நியாயமானதே. 1920-களில் கிளாஸ்கோ நகர மன்றோ கெர் முதலியோர் கீழ்ப்பகுதியைக் குறுக்காகக் கீறும் முறையைப் பரப்பினர். கீறல் மாறியது, நம் வாய்ச்சொல் மாறவில்லை.

பிரித்தானிய மகப்பேற்று வைத்தியர் கல்லூரி 2015-இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி, சிசேரியனின் பின் இயற்கைப் பேற்றுக்கு முயல்வோரில் நூற்றுக்கு 72 முதல் 75 பேர் வெற்றி பெறுகின்றனர். முன்னர் ஒருமுறையேனும் இயற்கையாகப் பெற்றவர்க்கு இது 85 முதல் 90 வரை உயரும். தழும்பு கிழிவது ஏறத்தாழ 200 பேரில் ஒருவருக்கே. எனினும், கிழிந்தால் தாய்க்கும் சேய்க்கும் உயிராபத்து. ஆதலால் வீட்டில் முயலலாகாது. சத்திரசிகிச்சைக் கூடமும் இரத்தமும் ஆயத்தமாயுள்ள வைத்தியசாலையில், குழந்தையின் இதயத்துடிப்பை இடைவிடாது கவனித்தே முயலவேண்டும். நெடுக்குத் தழும்பு உள்ளவர்க்கும், முன்பு கருப்பை கிழிந்தவர்க்கும் இவ்வழி பொதுவாகத் தகாது.

மறுமுறையும் சத்திரசிகிச்சையே என்பதும் இடரற்றதன்று. ஒவ்வொரு சத்திரசிகிச்சையோடும், அடுத்த கருவின் நஞ்சுக்கொடி பழைய தழும்பில் ஊன்றிப் பெருங்குருதிப்போக்கை விளைவிக்கும் ஆபத்துக் கூடுகின்றது. பல பிள்ளைகளை விரும்பும் குடும்பம் இதை மறத்தலாகாது.

எமது உறவினள் இயற்கைப் பேற்றுக்கே முயன்றாள். பல மணிநேர நோவின் பின் குழந்தையின் இதயத்துடிப்புத் தளர்ந்தது; மீண்டும் சத்திரசிகிச்சை செய்தனர். தாயும் சேயும் நலம். "வீண் முயற்சி" என்றனர் சிலர். அவளோ, "இந்தமுறை என்னைக் கேட்டுத்தானே செய்தவை" என்றாள். நாம் தலைகுனிந்தோம்.

இளைஞர்களே! முதற் பேற்றின்போது வைத்தியசாலை தந்த அட்டையைப் பத்திரப்படுத்துங்கள். கீறல் எவ்வகை, காரணம் யாது என்று கேட்டறியுங்கள். மனைவியோடு கிளினிக்குக்குச் செல்லுங்கள். பெரியோர்களே! அறிவுரை கூறுங்கள், தீர்ப்புக் கூறவேண்டாம். வைத்தியர் நிலைமையை விளக்கட்டும்; தாய் தன் விருப்பத்தைச் சொல்லட்டும்; எவ்வழியிற் பெற்றாலும் அவளைத் தாழ்த்தாது துணைநிற்பதே நம் கடன்.