தவணை நாளும் பஞ்சமி நிலமும்



மறைந்த தோழரை நினைவுகூரும் இம்மேடையில் கடனைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். பண்ணையார் வீட்டுக் கணக்கில் நம் பாட்டன்மார் வைத்த கைநாட்டை நம் இலக்கியம் எழுதியிருக்கிறது. இன்று நம் தெருப் பெண்கள் போடும் கையெழுத்தையும் அது எழுத வேண்டும்.

1989இல் தருமபுரியில் சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தமிழக மகளிர் சுய உதவிக் குழுக்கள் தொடங்கின. 1992இல் நபார்டு 500 குழுக்களை வங்கியோடு இணைக்கும் முன்னோடித் திட்டத்தை அறிவித்தது. இதன் பயனை நாம் மறுக்கவில்லை. வங்கிப் படியேறாத பெண்கள் மேலாளர் முன் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். சேமிப்பு அவர்களுடையது, யாருக்கு எவ்வளவு உள்கடன் என்ற முடிவும் அவர்களுடையது.

பிறகு அதே 'குழு' என்ற பெயரில் நுண்நிதி நிறுவனங்கள் வந்தன. இவற்றின் கூட்டுப் பொறுப்புக் குழுவில் முடிவு நிறுவனத்துடையது, பொறுப்பு மட்டும் பெண்களுடையது. ஒருத்தியால் கட்ட முடியாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும். அடமானம் இல்லாத கடன் என்கிறார்கள். அக்கம்பக்கத்து உறவையே அடமானமாக வாங்கிக்கொள்கிறார்கள். முன்பு வட்டிக்காரர் வந்து நின்ற வாசலில் இன்று பக்கத்து வீட்டு அக்கா நிற்கிறாள்.

இதில் சாதி எங்கே இருக்கிறது? ஊரும் சேரியும் பிரிந்த கிராமத்தில் குழுவும் பெரும்பாலும் தெருவாரியாகவே அமைகிறது. ஊர்த்தெருக் குழுவில் ஒருத்திக்கு நிலமிருக்கும், இன்னொருத்திக்குக் கடையிருக்கும். ஒருவரை ஒருவர் தாங்கலாம். சேரிக் குழுவில் எல்லோருக்கும் ஒரே கூலி, ஒரே வயல். மழை பெய்து ஒருத்திக்கு வேலை நின்றால் எல்லோருக்கும் நிற்கிறது. அந்த வாரத் தவணையைக் கட்ட இன்னொரு கடன்தான் வழி.

பிரிக்கப்படாத ஆந்திரத்தில் 2010இல், தற்கொலைகளுக்குப் பிறகே அவசரச் சட்டம் வந்தது. 2011இல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த வட்டி உச்சவரம்பு 2022 ஏப்ரலில் நீக்கப்பட்டது. குடும்பத்தின் மாத வருமானத்தில் பாதி வரை தவணைக்குப் போகலாம் என்கிறது புதிய விதி. மீதிப் பாதியில் எத்தனை வேளை உலை வைப்பது என்று விதி எழுதியவர்கள் சொல்லவில்லை. தமிழ்நாட்டில் 2025இல் வலுக்கட்டாய வசூலைத் தடுக்கும் சட்டம் நிறைவேறியது. வரவேற்கிறோம். ஆனால் அது மிரட்டலைத் தடுக்குமே தவிர, கடன் வாங்கும் நிலையை மாற்றாது.

நிலமில்லாத பெண்ணுக்குக் கடன் என்பது நாளைய கூலியை இன்றே விற்பதுதான். 1892இல் செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீரின் அறிக்கையைத் தொடர்ந்து நமக்கென ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலத்தில் பெரும்பகுதி பிறர் கையில் இருக்கிறது. அதை மீட்டுப் பெண்கள் பெயரில் பட்டா கொடுங்கள். ஒருத்தியின் கடனுக்கு இன்னொருத்தியைப் பிணையாக்கும் முறையை ஒழியுங்கள். இவ்விரண்டையும் கேட்காமல் மகளிர் அதிகாரம் பற்றிப் பேசுவதில் பொருளில்லை.

மாணவர்களே, தவணை நாளில் உங்கள் தெருவுக்குப் போய்க் கடன் அட்டைகளை வாங்கிப் படியுங்கள். நம் அடுத்த இலக்கியத்துக்கான சரக்கு அங்கே இருக்கிறது. அடுத்த போராட்டத்துக்கானதும் அங்கேதான் இருக்கிறது.