ஏடு படிக்கும் கண்

6 மீட்டர் தொலைவிலுள்ள எழுத்துப் பலகையைப் பிழையின்றிப் படிக்கும் குழந்தைக்குப் பார்வைக் குறை இல்லை எனக் கூறிவிடுவது வழக்கம். நெதர்லாந்துக் கண் மருத்துவர் ஹெர்மன் ஸ்னெல்லன் 1862ஆம் ஆண்டு வெளியிட்ட அப்பலகை, தொலைவில் உள்ளதைக் காணும் கூர்மையையே அளக்கும். புத்தகமோ கண்ணுக்கு ஏறத்தாழ 30, 40 செ.மீ. தொலைவில் இருக்கிறது. அதைப் படிக்க இரு கண்களும் உள்நோக்கிக் குவிதல் வேண்டும். கண்வில்லை தன் வளைவை மாற்றிக்கொள்ளல் வேண்டும். இவை தளர்ந்தால் எழுத்து மங்கும், இரண்டாகத் தெரியும், தலை வலிக்கும். அக்குழந்தைக்குக் கிடைக்கும் பெயரோ சோம்பேறி!

ஆகவே, கண் பரிசோதனை நிலையங்களில் வாசிப்புக்குரிய பார்வைச் சோதனையும் இடம்பெறல் வேண்டும். சிறு குறி ஒன்றை மூக்கை நோக்கி மெல்லக் கொண்டுவந்து, அஃது எவ்விடத்தில் இரண்டாகிறது எனக் கேட்டறியலாம். அண்மை எழுத்து அட்டையைப் படிக்கச் செய்யலாம். மறைந்திருக்கும் தூரப்பார்வைக் குறையைச் சொட்டு மருந்திட்டு அளக்கலாம்.

எனினும், சோதிப்போர் அளவு கடந்து வாக்களித்தல் கூடாது. கண்கள் குவியும் ஆற்றல் குறைந்த சிறுவர்க்கு 12 வாரப் பயிற்சி நலம் பயப்பதை 2008இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. ஆனால், அத்தகைய பயிற்சி வாசித்துப் பொருளுணரும் திறனைப் பெயரளவுப் பயிற்சியைவிட மிகுதியாக உயர்த்தவில்லை என்பதை 2019இல் வெளியான ஆய்வு காட்டியது. டிஸ்லெக்சியா எனப்படும் வாசிப்பு இடர்ப்பாடு கண்ணோய் அன்று. மொழியை மூளை கையாளும் முறையோடு தொடர்புடையது. அதற்குத் தக்க கற்பித்தலே துணை.

கண்ணின் குறை எது, கற்றலின் குறை எது எனப் பிரித்துரைப்பதே நேர்மையான சோதனை. படிக்கத் தயங்கும் பிள்ளையைக் கடிந்துகொள்ளுமுன், பெற்றோர் அச்சோதனைக்கு ஒருமுறை அழைத்துச் செல்வாராக.