கொல்லைக் கீரையும் தாய்மார் நலமும்
(குளத்தூரில் தாய்மார்களிடையே நிகழ்த்திய உரை)



2019-21ஆம் ஆண்டுகளில் நடந்த தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 100க்கு 53 பேருக்கு இரத்தசோகை இருந்தது. களை எடுக்கையில் மூச்சு வாங்குவதும் தலை சுற்றுவதும் இதனால் ஏற்படலாம்.

இதற்கு உதவும் கீரையை வீட்டிலேயே வளர்க்கலாம். கோடையில் தண்ணீர் குறைவுதான். ஆனால், காய்கறி கழுவிய நீரும் கை கழுவிய நீரும், சோப்புக் கலவாமல் கொல்லைக்குத் திருப்பினால், 2 முருங்கைச் செடிகளுக்கு உதவும். பெரியகுளத்தில் உருவாக்கி 1989இல் வெளியிட்ட பி.கே.எம். 1 செடிமுருங்கையை விதைத்து, 75 செ.மீ. உயரத்தில் நுனியைக் கிள்ளிவிடுங்கள். பக்கக் கிளைகள் வெடித்து, கீரை கைக்கெட்டும் உயரத்தில் கிடைக்கும்.

சமைக்கும் முறையும் முக்கியம். கீரையை அலசியபின் உருவுங்கள். எண்ணெயில் தாளித்து, அரைவேக்காடாக வெந்த பாசிப்பருப்புடன் கீரையைச் சேர்த்து, நீர் தெளித்து மூடி வேகவிடுங்கள். வெந்த நீரை வடித்துக் கொட்டாதீர்கள். சத்தும் கூடவே போய்விடும். எண்ணெய் சேர்வதால் உயிர்ச்சத்து ‘ஏ’ உடலில் நன்கு சேரும். இறக்கியபின் எலுமிச்சம்பழம் பிழியுங்கள். கீரையின் இரும்புச்சத்தை உடல் ஏற்க அது துணை செய்யும். சாப்பிட்டவுடன் தேநீர் குடித்தால் அது தடைப்படும். ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள்.

எல்லோருக்கும் பரிமாறிவிட்டு மிச்சத்தை உண்பது நம் வழக்கம். இனி உங்கள் பங்குக் கீரையை முதலிலேயே எடுத்து வையுங்கள். சோகை கடுமையானால் கீரை மட்டும் போதாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தப் பரிசோதனை செய்து, தக்க மாத்திரை பெறுங்கள்.