சுவரோரத்து இடைவெளி



ஒரு வீட்டுக்குள் புகும் விருந்தினர் கூரையை அண்ணாந்து நோக்குவதில்லை. சுவரைத் தொட்டுப் பார்ப்பதுமில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு அடியெடுத்து வைத்தவுடன் அவர் முதலில் அறிவது தரையைத்தான். ஆயினும் தரையைப் பற்றி நாம் எண்ணிப் பார்ப்பது அரிது. அது பிளந்தாலோ புடைத்தாலோதான் அதன் நினைவு நமக்கு வருகிறது. இன்று நகரத்து வீடுகள் பலவற்றில் இடம்பெற்றுவரும் லேமினேட் தரையைப் பற்றியும், அதனை முறையாகப் பாவும் தொழிலைப் பற்றியும் சில கருத்துகளை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

இத்தரை பார்வைக்குத் தேக்குப் பலகை போலத் தோன்றும். ஆனால் தேக்கு அன்று. 1977-ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டுப் பெர்ஸ்டார்ப் நிறுவனத்தார் இதனை உருவாக்கினர். 1984-இல் பெர்கோ என்னும் பெயரில் இது ஐரோப்பியச் சந்தைக்கு வந்தது. ஒவ்வொரு பலகையிலும் நான்கு அடுக்குகள் உண்டு. அடியில் பலகை வளையாமல் காக்கும் தாள். அதன்மேல், மரத்தை நாராக்கிப் பிசினோடு கலந்து பேரழுத்தத்தில் செய்த கனத்த நடுப்பலகை. அதன்மேல் மரத்தின் ரேகைகளை அச்சிட்ட தாள். எல்லாவற்றுக்கும் மேலே மெலமைன் பிசினில் தோய்ந்த, ஒளி ஊடுருவும் மெல்லிய போர்வை. அப்போர்வையில் அலுமினியம் ஆக்ஸைடு துகள்கள் கலந்துள்ளன.

இந்த அலுமினியம் ஆக்ஸைடு இயற்கையில் கனிமமாகக் கிடைக்கும்போது ஆங்கிலேயர் அதனைக் கொரண்டம் என்பர். அச்சொல், நம் 'குருந்தம்' என்ற தமிழ்ச் சொல்லிலிருந்து சென்றதென ஆங்கில அகராதிகளே கூறுகின்றன. மாணிக்கமும் நீலமும் இக்கனிமத்தின் வகைகளே. கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் வைரத்துக்கு 10 என்றால் இதற்கு 9. நாற்காலிக் கால்கள் உராய்ந்தும் இத்தரை எளிதில் கீறல் விழாமலிருப்பதன் காரணம் இதுதான்.

மேற்பரப்பு மணிக்கற்களின் இனம். ஆனால் உள்ளே இருப்பதோ மரம். மரம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சினால் விரியும், உலர்ந்தால் சுருங்கும். நாராக்கி அழுத்திய பின்னரும் அதன் இயல்பு மாறுவதில்லை. இந்த ஒரு குணத்தை அறிந்து அதற்கேற்ப நடந்துகொள்வதே தரை பாவுவோரின் கலை முழுவதும் எனலாம்.

தேர்ந்த பணியாளர் பலகைக் கட்டுகளை வாங்கிவந்த அன்றே வேலையைத் தொடங்குவதில்லை. கட்டுகளைப் பிரிக்காமலே, எந்த அறையில் பாவவேண்டுமோ அந்த அறையில் 48 மணி நேரம் கிடத்திவைப்பார். அவ்வறையின் வெப்பமும் ஈரமும் பலகைக்குப் பழகவேண்டும் என்பது கருத்து. இதற்கிடையில் அவர் பழைய தளத்தைச் சோதிப்பார். 2 மீட்டர் நீளமுள்ள மட்டப்பலகையைத் தரைமேல் பல திசைகளில் வைத்துப் பார்ப்பார். அதன் அடியில் 3 மில்லிமீட்டருக்கு மேல் பள்ளம் தெரியுமானால் சாந்து பூசி நிரவுவார். பள்ளத்தின்மேல் பாவிய பலகை, மிதிக்குந்தோறும் தாழ்ந்து எழும். நாளடைவில் அதன் பொருத்துவாய் முறியும்.

சிமெண்டுத் தளத்தில் ஈரம் உண்டா என்பதையும் அறியவேண்டும். ஒன்றரை அடிச் சதுரமுள்ள பாலிதீன் தாளைத் தளத்தில் விரித்து, நான்கு ஓரங்களையும் ஒட்டுநாடாவால் காற்றுப் புகாமல் ஒட்டி, ஒரு நாள் கழித்து எடுத்துப் பாருங்கள். அடியில் நீர் அரும்பியிருந்தாலோ, தளம் கறுத்திருந்தாலோ, அது இன்னும் உலரவில்லை என்பது வெளிப்படை. உலர்ந்த தளத்தின் மீதும் ஈரத்தடுப்புத் தாளும், அதன்மேல் நுரை விரிப்பும் விரித்த பின்னரே பலகை ஏறும்.

அடுத்து வருவது கணக்கு. அறையின் அகலம் 307 சென்டிமீட்டர் என்றும், பலகையின் அகலம் 19 சென்டிமீட்டர் என்றும் வைத்துக்கொள்வோம். இரு சுவரோரங்களிலும் 1 சென்டிமீட்டர் விட்டால் எஞ்சுவது 305. முழுப் பலகைகளாகவே வரிசை வைத்துச் சென்றால் 16 வரிசைகள் 304 சென்டிமீட்டரை அடைக்கும். கடைசியில் 1 சென்டிமீட்டர்க் கீற்று ஒன்றைச் செருக வேண்டிவரும். அது நிற்குமா? தொழிலறிந்தவர் இதனை முன்னரே கணக்கிட்டு, முதல் வரிசையையும் கடைசி வரிசையையும் 10 சென்டிமீட்டராக அறுத்துக்கொள்வார். நடுவில் 15 முழு வரிசைகள் அமையும். கூட்டிப் பாருங்கள், 305 சரியாக வரும்.

இத்தரையை ஆணியால் அறைவதில்லை, தளத்தோடு ஒட்டுவதுமில்லை. பலகையோடு பலகை கொளுவி நிற்க, தரை முழுவதும் ஒரே விரிப்பாகத் தளத்தின்மேல் கிடக்கும். பசையின்றிக் கொளுவும் இம்முறை 1990-களின் பிற்பகுதியில் பரவியது. அடுத்தடுத்த வரிசைகளின் இணைப்புகள் ஒரே நேர்கோட்டில் வாராமல் குறைந்தது 30 சென்டிமீட்டர் தள்ளி அமையவேண்டும். செங்கற்சுவர் எழுப்பும் கொத்தனார் கடைப்பிடிக்கும் விதியும் இதுவே அன்றோ?

இனி அந்த இடைவெளிக்கு வருவோம். சுவரோரத்தில் 1 சென்டிமீட்டர் ஏன் விடவேண்டும்? 6 மீட்டர் நீளமுள்ள தரை மழைக்காலத்து ஈரத்தால் 6 மில்லிமீட்டர் விரிகிறது என்று கொள்வோம். இரு முனைகளும் சுவரை முட்டியிருந்தால் அது எங்கே போகும்? மேலேதான் எழவேண்டும். நடுவில் கூரை முகடு போல எழுவதாகக் கருதி, பிதாகரஸ் தேற்றத்தைக் கொண்டு கணக்கிடுங்கள். கர்ணம் 3003 மில்லிமீட்டர், அடிப்பக்கம் 3000, எஞ்சிய பக்கம் ஏறத்தாழ 134 மில்லிமீட்டர்! மெய்யான தரை தன் எடையாலும் நெருக்கத்தாலும் இந்த அளவுக்கு எழாமற்போகலாம். ஆயினும் 6 மில்லிமீட்டர் அலட்சியம் எத்துணைப் பெரிய புடைப்பாக மாறக்கூடும் என்பதைத் தேற்றம் காட்டிவிடுகிறது.

இதனை நான் கண்ணாரக் கண்டதுண்டு. கடற்கரைப் பகுதியில் ஒரு குடும்பத்தார் பல ஆண்டுச் சேமிப்பைச் செலவிட்டு இத்தரை அமைத்தனர். ஐப்பசி மழை தொடங்கியதும் கூடத்தின் நடுவில் தரை புடைத்தது. பலகை மட்டம் என்று எல்லாரும் பழித்தனர். பின்னர் வந்த ஒரு முதிய தச்சர் பலகையைக் குறைகூறவில்லை. சுவரடிப் பட்டியைக் கழற்றினார். பலகை சுவரை இறுக முட்டிநின்றது. ஓரம் முழுவதையும் ஒரு சென்டிமீட்டர் அறுத்தெடுத்தார். சில நாள்களில் தரை தானே படிந்தது. பின் பட்டியைச் சுவரில் அறைந்தார், தரையில் அன்று. அந்த இடைவெளி பட்டியின் அடியில் மறைந்துவிட்டது. இனி அதனை யாரும் காணப்போவதில்லை; ஆனால் அந்த வீட்டுத் தரையைக் காப்பது அதுதான்.

நண்பர்களே, இத்தரை எல்லா இடத்துக்கும் ஏற்றதென்று நான் சொல்லவில்லை. நீர் புழங்கும் குளியலறைக்கு இது ஆகாது. வாளி நீரை ஊற்றிக் கழுவும் வழக்கமுள்ள வீட்டிலும், கரையான் ஏறும் நிலத்திலும் சிமெண்டுத் தரையோ கல்தரையோதான் தக்கது. பொருளின் குணத்தையும் இடத்தின் குணத்தையும் அறிந்து தேர்வதே அறிவுடைமை.

பணியாளரின் நலமும் நம் நினைவில் இருத்தல் வேண்டும். பலகையை அறுக்கும்போது நுண்ணிய தூள் எழுகிறது. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-ஆம் ஆண்டு வெளியீட்டில் மரத்தூளைப் புற்றுநோய் விளைவிக்கும் பொருள்களின் முதல் வகுப்பில் சேர்த்தது. ஆகவே திறந்த வெளியில் அறுப்பதும், மூக்கையும் வாயையும் மூடும் தக்க கவசம் அணிவதும் இன்றியமையாதவை. கூலியில் பத்து ரூபாய் குறைக்க வாதாடும் நாம், அந்தக் கவசம் இருக்கிறதா என்று ஒருமுறையேனும் கேட்கிறோமா?

ஈரம், விரிவு, மட்டம், தேற்றம் ஆகிய அனைத்தும் உங்கள் பாடநூல்களில் உள்ளவையே. நீங்கள் தாளில் எழுதித் தேர்வு பெறுகிறீர்கள். அந்தத் தச்சர் முழந்தாளிட்டுத் தரையில் எழுதுகிறார். அவருடைய விடை தவறினால் ஒரு குடும்பத்தின் சேமிப்பு வீணாகும். எனவே கைத்தொழிலாளரை அறிவில் குறைந்தவர் என்று எண்ணாதீர்கள். அடுத்த முறை யார் வீட்டிலேனும் தரை பாவும் வேலை நடந்தால், சற்று நின்று கவனியுங்கள். சுவரோரத்தில் அவர் செருகும் சிறு ஆப்புகள் எதற்கென்று பணிவோடு கேளுங்கள். வகுப்பறையில் கற்ற பாடம் அப்போது இன்னும் தெளிவாக விளங்கும்.